மிச்சம் பிடிக்கப் போய் கையைக் கடிக்கும் மளிகைப் பழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதச் சாமான் லிஸ்ட் போடும் ஒவ்வொரு வீட்டிலும் சிக்கனத்துக்கென்று சில பழக்கங்கள் உண்டு. மூட்டையாக வாங்குவது, ஆஃபர் பார்த்து வாங்குவது, சந்தை கலையும் நேரத்தில் போவது, பொரித்த எண்ணெயை எடுத்து வைப்பது. இவற்றில் சில உண்மையாகவே காசை மிச்சப்படுத்துகின்றன. சிலவற்றால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. எது எது என்று பிரிக்க நான் நம்புவது ஒரே ஒரு கணக்கைத்தான். கொடுத்த காசை, வாங்கிய எடையால் வகுக்காமல், வீட்டில் சாப்பிட்டு முடித்த எடையால் வகுத்துப் பார்ப்பது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்து வருபவை. விலை ஊருக்கு ஊர் மாறும். ஆகவே உதாரணத்துக்குச் சொல்லும் இடங்களில் உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

மொத்தமாக வாங்கினால் எப்போதும் லாபம்தானே?

பொருளைப் பொறுத்தது, வீட்டில் எத்தனை பேர் என்பதையும் பொறுத்தது.

வருஷத்துக்கு ஒருமுறை வாங்கி வைக்கும் வழக்கம் நம் ஊரில் காரணமில்லாமல் வரவில்லை. மாசி, பங்குனி, சித்திரையில் புதுப்புளி வரும். மிளகாய் வற்றலும் அந்தக் காலத்தில்தான் களத்திலிருந்து இறங்கும். அப்போது வாங்கி, கோடை வெயிலில் நன்றாகக் காயவைத்து, புளியைக் கொட்டை நீக்கி உப்புச் சேர்த்துப் பானையில் அடைத்தால் அடுத்த பங்குனி வரை தாங்கும். முழு மல்லி, முழு மிளகு, கல் உப்பு ஆகியவையும் அப்படித்தான். இந்தப் பொருட்களில் மொத்தக் கொள்முதல் நிஜமான லாபம்.

அதே புத்தியை ரவை, மைதா, கோதுமை மாவு, கடலை மாவு, அரைத்த மசாலாப் பொடி, முந்திரி, வேர்க்கடலை, எண்ணெய் இவற்றில் காட்டினால் நஷ்டம். அரைத்த பொருளில் வாசனை சீக்கிரம் போய்விடும். வாசனை போன சாம்பார் பொடியை நாம் கொட்டுவதில்லை, ஒரு ஸ்பூனுக்குப் பதில் ஒன்றரை ஸ்பூன் போடுகிறோம். அந்த அரை ஸ்பூனும் செலவுதான், ஆனால் எந்தப் பில்லிலும் தெரியாது. மாவில் புழுவும் வண்டும் வரும். கொழுப்புள்ள பொருட்களில் சிக்கு வாடை வரும். வேர்க்கடலையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அந்தக் கடலையை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது.

இன்னொரு விஷயம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம். அந்த இரண்டு மாதத்துக்கு லிஸ்டைச் சின்னதாக்குங்கள்.

அரிசி மட்டும் மூட்டையாக வாங்கலாமா?

நாலைந்து பேர் உள்ள வீட்டில் வாங்கலாம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் நாளைக்கு 300 கிராம் அரிசி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் 26 கிலோ மூட்டை கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓடும். மூன்றாவது மாதம் பெரும்பாலும் வண்டு வரும். வேப்பிலை காயப்போட்டு வைத்தாலும், வற்றல் மிளகாய் போட்டு வைத்தாலும், டப்பாவில் ஈரம் இருந்தால் தடுக்க முடியாது. புடைத்துப் புடைத்துப் போகும் அரிசியையும், புடைப்பவரின் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்து வீட்டோடு ஒரு மூட்டையைப் பாதியாகப் பிரித்துக்கொள்வது இதற்கு நல்ல வழி.

அது ஏன் 26 கிலோ? முன்பு 25 கிலோதானே வந்தது?

வரி. 2022 ஜூலை 18 முதல், பொதியாகக் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு முதலியவை 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடை இருந்தால் இல்லை. மூட்டைக்குள் ஒரு கிலோ கூடினால் வரி விழாது என்பதால் ஆலைகள் 26 கிலோவுக்கு மாறின. கடைக்காரர் மூட்டையைப் பிரித்து எடைபோட்டுத் தரும் சில்லறை அரிசிக்கும் இந்த வரி இல்லை. அதனால் இரண்டு கடைகளில் மூட்டை விலை கேட்கும்போது முதலில் எத்தனை கிலோ மூட்டை என்று கேளுங்கள். 25-க்கு ஒரு விலை, 26-க்கு ஒரு விலை என்று ஒப்பிட்டால் கணக்கு தப்பும். 5 கிலோ, 10 கிலோ பை வாங்குபவர்கள் அந்த 5 சதவீதத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

கிலோவுக்கு எட்டுப் பத்து ரூபாய் குறைந்த அரிசி வாங்கினால் மாதம் நல்ல மிச்சம் வருமே?

சில சமயம் வரும், பல சமயம் வராது. பழைய அரிசி அதிகத் தண்ணீர் குடித்து நன்றாக உப்பும், சாதம் காணும். புது அரிசி சீக்கிரம் குழையும், காணாது. குருணை கலந்த அரிசி பானையில் கஞ்சியாகப் போகிறது. ஒரு டம்ளர் பழைய அரிசியில் மூன்று பேர் சாப்பிட, அதே டம்ளர் புது அரிசியில் இரண்டு பேருக்கும் இன்னொருவருக்குப் பாதியும்தான் என்றால், விலையில் மிச்சம் பிடித்ததை அளவில் கொடுத்துவிட்டோம்.

சோதிப்பது சுலபம். மூட்டை எடுக்குமுன் ஒவ்வொரு ரகத்திலும் அரைக் கிலோ வாங்கி, ஒரே டம்ளரால் அளந்து, அடுத்தடுத்த நாள் வடியுங்கள். எத்தனை பேர் வயிறாரச் சாப்பிட்டார்கள், மறுநாள் பழையதுக்கு நின்றதா என்று பாருங்கள். அண்ணாச்சியிடம் கேட்டால் அரைக் கிலோ மாதிரி தராத கடை குறைவு.

பெரிய பாக்கெட் எடுத்தால் மலிவு என்பது உண்மையா?

பல பொருட்களில் உண்மை. எல்லாவற்றிலும் இல்லை. ஷாம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். பல பிராண்டுகளில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேயை மில்லி கணக்கில் பார்த்தால் பெரிய பாட்டிலைவிட மிகவும் மலிவு. சாஷே ஷாம்பூவின் முன்னோடி என்று அறியப்படும் சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். கூலிக்குப் போகிறவரும் வாங்க முடிய வேண்டும் என்று அவர் தொடங்கிவைத்த அந்தச் சின்ன உறைதான் இன்றும் கணக்கில் ஜெயிக்கிறது. சரமாக வாங்கி மாட்டிவைத்தால் போதும். பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரட்டை லாபம். காலி உறைகள் குப்பையாகச் சேர்வது இதன் குறை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிஸ்கட், சோப்பு, டீத்தூளில் கவனிக்க வேண்டியது எடை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு விலை ஏறவே ஏறாது. கிராம்தான் குறைந்துகொண்டே வரும். இப்போது பொதிகளில் மொத்த விலையோடு ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்ற அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. எம்ஆர்பிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள்.

எண்ணெயில் எங்கே ஏமாறுகிறோம்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். மளிகைச் செலவில் பெரிய தொகை போவதும், ஏமாற்றம் அதிகம் நடப்பதும் எண்ணெயில்தான்.

முதலாவது லிட்டரும் கிலோவும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஒரு கடையில் லிட்டர் விலை, இன்னொரு கடையில் கிலோ விலை. லிட்டர் 160 ரூபாய், கிலோ 170 ரூபாய் என்றால் பலரும் 160-ஐத்தான் எடுப்பார்கள். லிட்டர் 160 என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 176. ஆக, 170-தான் மலிவு. இது போதாதென்று லிட்டர் பாக்கெட் போலவே தோன்றும், ஆனால் 850 மில்லி, 800 கிராம் என்று குறைந்த அளவுள்ள பாக்கெட்டுகளும் அலமாரியில் இருக்கின்றன. இவற்றின் விலை குறைவாகத்தான் இருக்கும், எண்ணெயும் குறைவுதானே.

இரண்டாவது, மலிவான மரச்செக்கு எண்ணெய். செக்கில் ஆட்டினால் ஒரு கிலோ கடலை எண்ணெய்க்கு சுமார் இரண்டரைக் கிலோ வேர்க்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள், புண்ணாக்கு விற்ற காசைக் கழியுங்கள், ஆட்டுக்கூலியைக் கூட்டுங்கள். வருகிற தொகையைவிடக் குறைவாக ஒருவர் மரச்செக்கு எண்ணெய் விற்றால், அது முழுக் கடலை எண்ணெயாக இருக்க வழியில்லை. நல்லெண்ணெய்க்கும் இதே கணக்கைப் போடலாம். எள்ளோடு கருப்பட்டி வேறு சேர்க்க வேண்டும். பணம் கொடுத்துக் கலப்படம் வாங்குவதைவிட, நல்ல ரீஃபைண்டு எண்ணெயை அதன் நியாயமான விலைக்கு வாங்குவது எவ்வளவோ மேல். அக்கம்பக்கத்தில் செக்கு இருந்தால் எள்ளோ கடலையோ நீங்களே வாங்கிக் கொண்டுபோய் ஆட்டி வாருங்கள்.

பாக்கெட்டில் எள் படம் இருந்தாலும் பின்பக்கத்தில் 'கலப்பு சமையல் எண்ணெய்' என்று இருக்கிறதா பாருங்கள். கலப்பு எண்ணெயில் ஓர் எண்ணெய் 20 சதவீதம் இருந்தாலே விதிப்படி போதும். தீப எண்ணெய் என்று எழுதியதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது, அது விளக்குக்கு.

மூன்றாவது, பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. உணவகங்களுக்கு இதில் சட்டமே உண்டு. 2018 ஜூலை 1 முதல், எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, நுரை தள்ளி, விரலில் பிசுபிசுத்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட எண்ணெய் வடைக்குள் அதிகமாக ஏறும் என்பதையும் கவனியுங்கள். மிச்சம் பிடிக்க வைத்த எண்ணெயே கூடுதலாகக் குடிக்கப்படுகிறது.

சரியான சிக்கனம் வாணலியில் இருக்கிறது. அகலமான சட்டியை விட்டுவிட்டுக் குழிவான சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரியுங்கள். மிஞ்சியதை வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிக்கவோ காரக்குழம்புக்கோ செலவழித்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.

துவரம்பருப்பு மலிவாகக் கிடைத்தால்?

தட்டையாக, ஒரு பக்கம் சரிந்து, சதுரம் போல் இருக்கும் பருப்பு கலந்திருக்கிறதா பாருங்கள். அது கேசரிப் பருப்பாக இருக்கலாம். நாள்பட அதிகமாகச் சாப்பிட்டால் கால்களை முடக்கும் நோய் வரும். இன்னொன்று, பழைய பருப்பு வேகாது. இரண்டு விசில் கூடுதலாக விட்டு, வேகாமல் மறுபடி ஏற்றினால் கிலோவுக்குக் குறைந்த காசு கேஸில் போய்விடும். நல்ல பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் கேஸும் மிச்சம்.

ரேஷன் பொருளை வாங்குவதில்லை, தரம் சரியில்லை என்று விட்டுவிடுகிறோம். சரியா?

அரிசி அட்டை இருந்தும் வாங்காமல் விடுவது, சிக்கனம் பேசும் வீடுகளில் நான் காணும் பெரிய விரயம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை 25 ரூபாய். வெளிக்கடையில் ஒரு கிலோ பருப்புக்குக் கொடுக்கும் காசில் இங்கே பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் சேர்த்து வாங்கிவிடலாம். சாதத்துக்குப் பிடிக்காவிட்டால் ரேஷன் அரிசியை இட்லி, தோசைக்குப் போடுங்கள். இடியாப்ப மாவுக்கும், முறுக்கு மாவுக்கும் நன்றாக இருக்கும். வரிசையில் நிற்பது கௌரவக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் எல்லோர் வரிப்பணத்திலும் நடக்கும் கடை அது.

அரிசியில் சில மணிகள் மஞ்சளாகவோ வேறு மாதிரியோ தெரிகின்றன, தண்ணீரில் மிதக்கின்றன, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்து, நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருக்கிறார்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் அரசு காசு போட்டுக் கலந்ததை நாம் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மருந்துக்கடையில் இரும்புச் சத்து மாத்திரை வாங்குகிறோம்.

அட்டையில் வாங்கிய பொருளை வெளியில் விற்பதும், அப்படி விற்பவரிடம் வாங்குவதும் குற்றம்.

சாயங்காலம் சந்தை கலையும் நேரத்தில் போனால் காய் மலிவு. அப்போது போகலாமா?

அன்றைக்கும் மறுநாளைக்கும் சமைக்கப் போவதாக இருந்தால் தாராளமாக. ஒரு வாரத்துக்கு வாங்கப் போவதாக இருந்தால் வேண்டாம். கூறு கட்டி வைத்திருக்கும் தக்காளியில் மேலே நல்லது, அடியில் நசுங்கியது. கூறு 20 ரூபாய் என்றால் அதை எடை போடச் சொல்லிப் பாருங்கள். ஒன்றேகால் கிலோ இருந்து, அதில் அரைக் கிலோ குப்பைக்குப் போனால், முக்கால் கிலோவுக்கு 20 ரூபாய். கிலோ 27 ரூபாய் ஆகிவிட்டது. பக்கத்தில் 25-க்கு நல்ல தக்காளி இருந்திருக்கும்.

மொத்தச் சந்தைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போவதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். கோயம்பேட்டில் விலை குறைவுதான், ஆனால் அங்கே மொத்த வியாபாரம் பெட்டிக் கணக்கு, மூட்டைக் கணக்கு. ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோல் 100 ரூபாய் விலையில் போக வர 20 கிலோமீட்டருக்கு 45 ரூபாய் ஆகும். அந்த 45 ரூபாயைக் காயில் மிச்சம் பிடித்த பிறகுதான் உங்கள் லாபம் தொடங்கும். நாலு வீடு சேர்ந்து ஒருவர் போய் வாங்கிவந்து பிரித்துக்கொண்டால் அருமையான லாபம்.

என்னைக் கேட்டால் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை தொடங்கியது, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. விவசாயி நேரடியாக விற்கிறார். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். மொத்த விலைக்கு மேல், சில்லறை விலைக்குக் கீழ் என்பது அங்கே விலை வைக்கும் முறை. கொடுக்கும் காசு விளைவித்தவர் கைக்குப் போகிறது என்ற நிம்மதிக்கு நான் தனியாக ஒரு மதிப்புப் போடுவேன். காலையில் சீக்கிரம் போங்கள், வெயில் ஏறினால் நல்ல காய் தீர்ந்துவிடும்.

தெருவில் வண்டி வருகிறது, 'அஞ்சு கிலோ நூறு ரூபாய்' என்று மைக்கில் வெங்காயம் விற்கிறார்கள். வாங்கி வைக்கலாமா?

எந்த மாசம் என்பதைப் பாருங்கள். பங்குனி முதல் வைகாசி வரை அறுவடையாகும் கோடை வெங்காயம் காய்ந்து, தோல் தடித்து, பல மாதம் தாங்கும். மழைக்காலத்தில் வரும் புது வெங்காயம் ஈரமானது, தோல் மெல்லியது, வாரக்கணக்கில்கூட நிற்காது. கழுத்துப் பகுதியை அழுத்திப் பாருங்கள். இறுக்கமாகக் காய்ந்திருந்தால் வாங்குங்கள், மெத்தென்று இருந்தால் ஒரு கிலோவோடு நிறுத்துங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையோடு மூலையில் போடாமல் காற்றோட்டமாகப் பரப்புங்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் சீக்கிரம் கெடும். உருளை வெளிச்சம் பட்டால் பச்சையாகும். பச்சை ஏறிய பகுதியை ஆழமாகச் செதுக்கி எறிய வேண்டும், நிறைய ஏறியிருந்தால் முழுக் கிழங்கையும்.

தக்காளி மலிவாக இருக்கும்போது நிறைய வாங்கித் தொக்கு போட்டு வைப்பது சிக்கனம்தானே?

தொக்கு ருசிக்காகப் போடுங்கள். ஐந்து கிலோ தக்காளி சுண்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் கேஸ் எரியும், கெடாமல் இருக்க நல்லெண்ணெய் தாராளமாக ஊற்ற வேண்டும். தக்காளியில் மிச்சம் பிடித்தது எண்ணெயில் கரைந்துவிடும். விலை ஏறும் காலத்தில் புளியும் மோரும் தக்காளி இல்லாமல் குழம்பு வைக்கக் கைகொடுக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. விலை எகிறும் சமயத்தில் முதலில் அங்கே விசாரியுங்கள்.

கொழுப்பு அதிகமான ஆரஞ்சு பாக்கெட் பால் வாங்கித் தண்ணீர் சேர்த்தால் அளவு கூடுமே?

ஆவினில் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் 6 சதவீதக் கொழுப்பும் 9 சதவீதம் இதர திடப்பொருளும் உண்டு. நீலத்தில் கொழுப்பு 3, இதர திடப்பொருள் 8.5. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அந்த இதர திடப்பொருளில்தான் இருக்கின்றன. ஆரஞ்சு லிட்டர் 60, நீலம் 40 என்ற விலையை எடுத்துக்கொண்டால், ஒரு லிட்டர் ஆரஞ்சை ஒன்றரை லிட்டராக நீட்டும்போது லிட்டர் 40-தான் விழும், ஆனால் திடப்பொருள் 6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதே 40-க்கு நீலத்தில் 8.5 கிடைக்கிறது. பிள்ளைகள் குடிக்கும் பாலென்றால் நீலத்தை அப்படியே காய்ச்சிக் கொடுப்பது நல்லது. டிகாக்ஷன் காபிக்கு ஆரஞ்சு.

இட்லி மாவு கடையில் வாங்குவது நேரம் மிச்சம். காசு எவ்வளவு போகிறது?

ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து அரைத்தால் ஏறத்தாழ மூன்று கிலோ மாவு வரும். அரிசி 50, உளுந்து 35 என்று வைத்தால் மூன்று கிலோ 85 ரூபாய். 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு பங்கு யூனிட்தான் கரண்ட். கடை மாவு கிலோ 45 என்றால் மூன்று கிலோ 135. வாரம் ஒருமுறை அரைக்கும் வீட்டில் மாதம் இருநூறு ரூபாய் நிற்கிறது.

தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மூன்று கிலோ மாவை அவர் தீர்ப்பதற்குள் புளித்துவிடும், கிரைண்டர் வாங்கிய காசும் திரும்பாது. அவர் அரைக் கிலோ மாவு வாங்குவதே சரி.

'50 சதவீதம் தள்ளுபடி' என்று போடுகிறார்களே, அது?

எம்ஆர்பி என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம், அந்த விலையில்தான் விற்க வேண்டும் என்று இல்லை. பொதியில் வரும் பருப்பு, முந்திரி, பாதாம், பேரீச்சை ஆகியவற்றில் எம்ஆர்பியையே தூக்கிப் போட்டு அச்சடிப்பது சாதாரணம். பாதி விலைக்கு வாங்கினாலும் தெருமுனை மளிகைக்கடை விலைதான் இருக்கும். அடித்துப் போட்ட விலையைப் பார்க்காதீர்கள், கட்டப்போகும் விலையை உங்கள் கடை விலையோடு ஒப்பிடுங்கள். எம்ஆர்பிக்கு மேல் யாராவது வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

டெலிவரி கட்டணம் வராமலிருக்க இன்னும் இரண்டு பொருள் சேர்ப்பது?

30 ரூபாய் கட்டணத்தைத் தவிர்க்க 120 ரூபாய்க்குத் தேவையில்லாததைச் சேர்த்தால் 90 ரூபாய் போயிற்று. அவசரம் என்றால் 30-ஐக் கட்டுங்கள், இல்லையென்றால் நடந்துபோய் வாங்குங்கள்.

தேதி நெருங்கிய பொருளைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

'இதற்கு முன் பயன்படுத்துவது சிறந்தது' என்பது தரத்துக்கான தேதி. 'காலாவதி' என்பது பாதுகாப்புக்கான தேதி. முதல் வகையில் இந்த வாரமே தீரும் என்றால் வாங்கலாம். பால், பனீர், இறைச்சியில் வேண்டாம்.

கடையில் நோட்டுப் போட்டு மாதக் கடைசியில் கொடுப்பதால் நஷ்டமா?

வட்டி இல்லாமல் ஒரு மாதம் பொருள் தருகிற கடைக்காரர் பெரிய உதவி செய்கிறார். வேலை போன நாளிலும் மருத்துவச் செலவு வந்த மாதத்திலும் அந்த நோட்டுதான் பல குடும்பங்களில் அடுப்பெரிய வைத்திருக்கிறது. இதில் வேறு இரண்டு இடத்தில் காசு போகும். கடன் வைத்திருக்கும் கடையில் விலை கேட்கவும், வேறு கடைக்குப் போகவும் கூச்சம் வரும். பிள்ளையை அனுப்பி 'நோட்டுல எழுதச் சொல்லு' என்கிறபோது லிஸ்டில் இல்லாததும் வீட்டுக்கு வரும். முடிந்தவர்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றை மட்டும் ரொக்கத்துக்கு மாற்றுங்கள். அவற்றில்தான் கடைக்குக் கடை விலை வித்தியாசம் அதிகம்.

தீபாவளி மளிகைச் சீட்டு சேரலாமா? மாதம் 500 கட்டினால் பண்டிகைக்குச் சாமான் மொத்தமாக வருகிறதே.

சேராதீர்கள் என்பதே என் பதில். மாதம் 500 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் 6,000. அதே பணத்தை வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டால், ஆறரை சதவீத வட்டிக்குச் சுமார் 210 ரூபாய் கிடைக்கும். சீட்டுக்காரர் 600 ரூபாய்க்குப் பொருள் கூடுதலாகத் தருகிறேன் என்பார், பித்தளைச் சாமான் தருகிறேன் என்பார். என்ன பிராண்டு, என்ன விலைக்கணக்கு என்பதை அவர்தான் முடிவு செய்வார். எம்ஆர்பியில் கணக்குப் போட்டுக் கொடுத்தால் அந்த 600 அங்கேயே போய்விட்டது. இரண்டு தவணை தவறினால் கட்டியது திரும்பாது என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு.

பெரிய ஆபத்து கடையே மூடிக்கொண்டு போவது. வட மாவட்டங்களில் தீபாவளிச் சீட்டுப் பிடித்தவர்கள் பணத்தோடு மறைந்து, கட்டிய பெண்கள் கலெக்டர் அலுவலகத்திலும் பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் மனு கொடுத்து நின்றதைச் சமீப ஆண்டுகளில் பார்த்தோம். வீட்டுவேலை செய்து, நூறுநாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அது. பதிவு செய்யாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதை 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருந்தாலும் போன பணம் வந்து சேரப் பல வருஷம் ஆகும். பண்டிகைக்குச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் நல்லது. மகளிர் குழுவிலோ, அஞ்சலகத்திலோ, வங்கியிலோ உங்கள் பேரில் சேருங்கள். புரட்டாசியில் எடுத்து உங்களுக்குப் பிடித்த கடையில், பேரம் பேசி வாங்கலாம்.

ரிட்டயரான மாமனார் தினமும் மார்க்கெட் போய், மலிவு என்று பை நிறையக் காய் வாங்கி வருகிறார். பாதி வீணாகிறது. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

போகவேண்டாம் என்று சொல்லாதீர்கள். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து, முருங்கையை முறுக்கிப் பார்த்து, கத்தரிக்காயின் காம்பைப் பார்த்து வாங்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருப்பது வரம். 'மாமா, இன்னைக்கு வீட்ல பீன்ஸ் கால் கிலோ இருக்கு, கீரை மட்டும் வேணும்' என்று முந்தின நாள் ராத்திரியே சொல்லுங்கள், அல்லது சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். இந்த வாரம் என்ன சமையல் என்பதை அவரையே கேட்டு முடிவு செய்தால் இன்னும் நல்லது. தேவை தெரிந்தால் அவரே அளந்து வாங்குவார். அதையும் மீறி அதிகமாக வந்துவிட்டால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்: கீரையும் வெண்டையும் முதல் இரண்டு நாளுக்கு, அவரைக்காயும் கத்தரியும் அடுத்து, பூசணி, சேனை, உருளை கடைசிக்கு. கோடையாக இருந்தால் மிஞ்சிய கத்தரியையும் சுண்டைக்காயையும் அவர் கையாலேயே வற்றல் போட்டுவிடலாம்.